சுவருக்குள் தங்கக் காசு!
பங்கு பிரித்த வீடும், சண்டை போட்ட வீடும்

பழைய கல் சுவரைத் தொழிலாளர்கள் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கற்களுக்கு நடுவே ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால், ஓர் உலோகப் பெட்டி!

பெட்டிக்குள் தங்கக் காசுகள்!

இது கதை அல்ல. பிரான்சு நாட்டில் 2019-ம் ஆண்டு நடந்த உண்மைச் சம்பவம்.

பிரான்சின் மேற்குக் கோடியில் பிரிட்டானி என்ற பகுதி இருக்கிறது. அங்கே ஒரு சிற்றூரில் பழைய மாளிகை ஒன்று. 2012-ல் ஒரு தம்பதி அதை விலைக்கு வாங்கினார்கள். பழுது பார்க்க 3 தொழிலாளர்கள் வந்தார்கள். அவர்கள் கையில்தான் இந்தப் பெட்டி சிக்கியது.

அதிர்ஷ்டம் அதோடு நிற்கவில்லை. சில நாட்கள் கழித்து, கூரையைத் தாங்கும் உத்தரத்தின் மேல் ஒரு பை இருந்தது. அதிலும் தங்கக் காசுகள்!

எண்ணிப் பார்த்தார்கள். மொத்தம் 239 காசுகள். 13-ம் லூயி, 14-ம் லூயி ஆகிய மன்னர்கள் காலத்தில் அடித்த காசுகள். 300 ஆண்டுகளுக்கு மேல் பழமையான அவை அங்கேயே தூங்கிக்கொண்டிருந்தன!

ஆளுக்குப் பாதி

தொழிலாளர்கள் நினைத்திருந்தால் காசுகளை மடியில் கட்டிக்கொண்டு போயிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னார்கள்.

புதையலில் பாதி கண்டெடுத்தவருக்கு, பாதி இடத்தின் சொந்தக்காரருக்கு. இந்த வீட்டுக்குப் பொருந்திய பிரான்சு நாட்டுச் சட்டம் இதுதான். அதன்படியே நடந்தார்கள்.

2021 செப்டம்பரில் காசுகள் ஏலத்துக்கு வந்தன. 3 லட்சம் யூரோ வரை கிடைக்கலாம் என்று எதிர்பார்த்தார்கள். கிடைத்ததோ சுமார் 10 லட்சம் யூரோ! அன்றைய மதிப்பில் நம் பணம் 8 கோடி ரூபாய்க்கு மேல்.

வீட்டுக்காரர்கள் 4 காசுகளை மட்டும் விற்கவில்லை. வீடு வாங்கியதன் நினைவாக வைத்துக்கொண்டார்கள்.

குளியல் அறையில் டாலர்

இனி அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே கிளீவ்லாந்து நகரில் ஒரு பழைய வீடு. 2006-ல் ஓர் ஒப்பந்தக்காரர் அந்த வீட்டின் குளியல் அறைச் சுவரை உடைத்தார். உள்ளே பூட்டுப் பெட்டிகள்! அவற்றில் உறை உறையாக டாலர் நோட்டுகள்!

மொத்தம் 1 லட்சத்து 82 ஆயிரம் டாலர்.

1930-களில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பாங்குகள் திவாலாகிவிட்டன. பாங்கில் போட்டவர்கள் பணத்தை இழந்து தவித்தார்கள். பாங்கை நம்பாமல் பலர் பணத்தை வீட்டிலேயே ஒளித்து வைத்தார்கள். அந்தக் காலத்துப் பணம்தான் இது.

இவரும் நாணயமானவர்தான். உடனே வீட்டுக்கார அம்மாளுக்குச் சொன்னார். வினை பங்கு பிரிப்பதில் வந்தது!

“நூற்றுக்குப் பத்து தருகிறேன்” என்றார் வீட்டுக்கார அம்மாள். “நூற்றுக்கு நாற்பது வேண்டும்” என்றார் ஒப்பந்தக்காரர். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். ஆனாலும் வழக்கு கோர்ட்டுக்குப் போனது. செய்தி பத்திரிகையில் வந்தது.

அதைப் படித்தார்கள், பணத்தை ஒளித்து வைத்தவரின் வாரிசுகள். ஒருவர் இருவர் அல்ல, 21 பேர்! “எங்கள் குடும்பச் சொத்து” என்று அவர்களும் வழக்குப் போட்டார்கள்.

இதற்கிடையே பணம் கரைந்தது. கடைசியில் பங்கு போட மிஞ்சியது சொற்பமே.

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டிலும் பழைய வீட்டை இடிக்கும்போது இப்படிப் பொருள் கிடைக்கலாம். கிடைத்தால் என்ன செய்வது?

1878-ம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். மண்ணுக்குள் இருந்தால்தான் புதையல் என்பது இல்லை. சுவருக்குள் மறைந்திருந்தாலும் புதையல்தான்.

அதன் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், எந்த இடம், எந்த நாள் கிடைத்தது என்ற விவரங்களை எழுத வேண்டும். உரிமை உள்ளவர்கள் வரலாம் என்று கலெக்டர் அறிவிப்புச் செய்வார். விசாரித்து முடிவு சொல்வார்.

புதையலை மறைத்தால் ஓர் ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்!

சொல்லாமல் போனதால்...

இரண்டு வீடுகளிலும் பணத்தைச் சேர்த்தவர்கள் அதை அனுபவிக்கவில்லை. பிள்ளைகளாவது அனுபவித்தார்களா? அதுவும் இல்லை. ஒளித்த இடம் அவர்களுக்குத் தெரியவில்லை.

பாட்டி பானைக்குள் போட்டு வைத்த சிறுவாடு ஆனாலும் சரி, அலமாரியில் உள்ள சங்கிலி ஆனாலும் சரி, வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

இல்லாவிட்டால், அது என்றோ ஒருநாள் யாரோ ஒரு கொத்தனாரின் கடப்பாரைக்காகக் காத்திருக்கும்!