சீசன் நேரத்தில் பில் நின்று போனால்? கடைக்கும் லாட்ஜுக்கும் 'மேனேஜ்டு ஸ்விட்ச்'

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துபவருக்குத் தூக்கம் கிடையாது. தென்காசி மொத்த வியாபாரிக்கோ ஆண்டு முழுவதும் மாலை நேரம்தான் பரபரப்பு. புளியரை வழியாகக் கேரளம் போகும் லாரி லோடு ஏற்றி நிற்கும். 2018 ஏப்ரல் 1 முதல், வரிக்குரிய சரக்கு ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் வெளிமாநிலம் போவதென்றால் இ-வே பில் வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்கள் மற்ற வணிகர்களுக்குப் போடும் பில், 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸாகவும் இருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கடைக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேச மறுத்தால் லாரி நகராது. டிரைவர் டீயைக் குடித்துக்கொண்டே நம்மை முறைத்துப் பார்ப்பார்.

உடனே நாம் திட்டுவது இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனியை. பல சமயம் கோளாறு அங்கே இல்லை. கல்லாவுக்குப் பின்னால் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் சிறிய பெட்டியில் இருக்கிறது. அதற்குப் பெயர் ஸ்விட்ச். பில்லிங் கம்ப்யூட்டர், பிரின்டர், கேமரா, வை-ஃபை எல்லாவற்றின் கேபிளும் வந்து சேருமிடம் அதுதான்.

சாதாரண ஸ்விட்சுக்கு வந்ததை அனுப்பத் தெரியுமே தவிர, யார் எவர் என்று பிரிக்கத் தெரியாது. மேனேஜ்டு ஸ்விட்ச் என்பது நாம் சொல்வதைக் கேட்கும் ஸ்விட்ச். கம்ப்யூட்டரில் அதன் பக்கத்தைத் திறந்து எந்த போர்ட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம், வேண்டாததை நிறுத்தலாம்.

அதன் வசதிகளில் நமக்கு முதன்மையானது வி.லேன் எனப்படும் பிரிவினை. தேயிலைப் பெட்டியையும் சோப்புப் பெட்டியையும் ஒரே அறையில் அடுக்க மாட்டோம், வாசனை ஏறிவிடும். ஆனால் லாட்ஜில் தங்க வந்தவரின் செல்போனும், நம் கணக்கு முழுவதும் இருக்கும் கம்ப்யூட்டரும் ஒரே இணைப்பில் கிடக்க விட்டிருக்கிறோம்! விருந்தினர் வை-ஃபைக்கு ஒரு வி.லேன், கேமராக்களுக்கு ஒன்று, பில்லிங்குக்கு ஒன்று என்று பிரித்தால், பெட்டி ஒன்றே ஆனாலும் தனித்தனி மூன்று பெட்டிகள் வைத்தது போலாகும். ஒரு பிரிவிலிருந்து மற்றொன்றுக்குப் போக ரூட்டர் அனுமதித்தால்தான் உண்டு. லாட்ஜ்காரர்கள் இந்த ஒன்றுக்காகவே இதை வாங்கலாம்.

'கிகாபிட்' என்ற சொல்லைப் பார்த்து ஏமாற வேண்டாம். நொடிக்கு 1000 மெகாபிட் என்பது கடைக்குள் ஓடும் வேகம். வெளியிலிருந்து வரும் இணைப்பு 100 மெகாபிட் என்றால் அது 100தான். அப்படியானால் எதற்கு? கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று சுமார் 4 மெகாபிட் அனுப்புகிறது என்று வைத்துக்கொண்டால், 30 கேமராவுக்கு 120. இவ்வளவும் பழைய 100 மெகாபிட் போர்ட் ஒன்றின் வழியாக ரெக்கார்டருக்குப் போக முடியாது. படம் விட்டு விட்டு வரும். திருட்டு நடந்த நிமிடம் மட்டும் பதிவாகாமல் போனதன் ரகசியம் இதுவாக இருக்கலாம்.

கேமராவுக்கு மின்சாரமும் அதே கேபிளில் போகும் வசதிக்கு பி.ஓ.இ. என்று பெயர். பழைய தர அளவில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட், அதற்கடுத்ததில் 30 வாட். 24 போர்ட்டும் 15.4 கொடுக்க வேண்டுமானால் மொத்தம் 370 வாட் வேண்டும். ஆனால் 24 போர்ட் உள்ள எல்லாப் பெட்டியும் அவ்வளவு கொடுப்பதில்லை. மொத்த வாட் எவ்வளவு என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இனி, அதிகம் பேசப்படாத ஆபத்து ஒன்று. கடை பெருக்கும் பையன், தொங்கிக் கிடக்கும் கேபிளைப் பார்த்து, நல்ல எண்ணத்தோடு காலியாக இருந்த போர்ட்டில் செருகிவிடுகிறான். அதன் மறுமுனையும் அதே ஸ்விட்சில்தான் இருக்கிறது. அனுப்பிய செய்தியே சுற்றிச் சுற்றி வந்து பெருகி, சில நொடிகளில் எல்லாக் கம்ப்யூட்டரும் ஸ்தம்பித்துவிடும். இத்தகைய வளையத்தைக் கண்டுபிடித்துத் தானே அடைக்கும் 'ஸ்பானிங் ட்ரீ' முறையை, டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ராடியா பெர்ல்மன் என்ற அம்மையார் 1985-இல் உருவாக்கினார். மேனேஜ்டு ஸ்விட்சில் இது உண்டு. மலிவான சாதாரணப் பெட்டிகளில் பெரும்பாலும் இல்லை.

இருந்தும் பெட்டியை மட்டும் நம்பிப் பயனில்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் மருத்துவமனையில் 2002 நவம்பரில் நெட்வொர்க் விழுந்து, பல நாட்கள் காகிதத்திலேயே வேலை நடந்தது. அங்கே ஸ்பானிங் ட்ரீ இருந்தது. ஆனால் அவ்வப்போது ஒன்றன் பின் ஒன்றாக ஸ்விட்ச்களைக் கோத்துக்கொண்டே போனதில் அதன் எல்லையைத் தாண்டிவிட்டார்கள். நாமும் மாடிக்கு ஒன்று, குடோனுக்கு ஒன்று என்று அப்படித்தானே கோக்கிறோம்? எல்லாம் நடுவில் உள்ள ஒரே ஸ்விட்சுக்கு வருமாறு அமைப்பதே முறை.

குடோன் தனிக் கட்டடமாக இருந்தால் அதற்குச் செம்புக் கேபிள் இழுக்க வேண்டாம். செம்பு 100 மீட்டருக்கு மேல் தாங்காது. ஐப்பசி இடி மின்னலில் ஒரு கட்டடத்தில் ஏறிய மின்சாரத்தை அடுத்த கட்டடத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். மேனேஜ்டு ஸ்விட்ச்களில் பொதுவாக உள்ள எஸ்.எஃப்.பி. போர்ட்டில் கண்ணாடி இழைக் கேபிள் போட்டால் இரண்டு தொல்லையும் இல்லை. எர்த் சரியாக இருக்கிறதா என்றும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்க வேண்டும். குற்றாலத்தில் சாரலில் ஊறும் சுவரில் பெட்டியை மாட்டாதீர்கள். சூடமும் சாம்பிராணியும் காட்டுகிற இடமும் அதற்கு ஆகாது.

ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர் வைத்திருக்கும் சில்லறைக் கடைக்கு இவ்வளவும் தேவையா? தேவையில்லை. சாதாரண ஸ்விட்சே போதும். விற்க வருபவர் என்ன சொன்னாலும் சரி. அதே சமயம், மத்தளம்பாறையில் இயங்கும் ஸோஹோ போன்ற பெரிய நிறுவனங்களுக்குத்தான் இது என்று ஒதுக்கவும் வேண்டாம். இருபது அறையும் பத்துப் பதினைந்து கேமராவும் உள்ள லாட்ஜ், நான்கைந்து பில்லிங் கவுன்ட்டரும் குடோனும் உள்ள மொத்தக் கடை ஆகியவற்றுக்கு இது செலவல்ல.

வாங்கியபின் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கம்பெனியிலிருந்து வரும் பாஸ்வேர்டை அன்றே மாற்றச் சொல்லுங்கள். மாட்டியவர் ஊரை விட்டுப் போய்விட்டால், பாஸ்வேர்டு தெரியாமல் பெட்டியை ரீசெட் செய்து, போட்டுவைத்த பிரிவினை முழுவதும் அழிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். எந்த போர்ட்டில் எது என்ற படம், பாஸ்வேர்டு எழுதிய தாள், அமைப்பு முழுவதும் நகலெடுத்த பென்டிரைவ் ஆகிய மூன்றையும் ஒரு கவரில் போட்டுப் பத்திரங்களோடு பீரோவில் வைத்து, அதன் பிறகு மாட்டியவருக்கு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.