கனடாவில் தமிழியல் ஆய்வுப் பதிப்பு

கனடாவில் தமிழியல் ஆய்வுப் பதிப்பு என்பது தமிழ் இலக்கியம், வரலாறு, சமயம், புலம்பெயர் வாழ்வு ஆகியவை குறித்துக் கனடாவில் இருந்து உருவாகும் ஆய்வு நூல்கள், மொழிபெயர்ப்புத் தொகுப்புகள், எண்ணிம ஆவணங்கள் ஆகியவற்றைக் குறிக்கும். இதன் மையம் டொராண்டோ நகரம் ஆகும். ஈழத்தமிழரின் இடப்பெயர்வு, கனடாவின் பன்முகப் பண்பாட்டுக் கொள்கை, அரசு நல்கை, தமிழ்ச் சமூகம் திரட்டிய நிதி ஆகிய நான்கும் சேர்ந்து இத்துறையை வளர்த்தன.

பின்னணி

பன்முகப் பண்பாட்டைக் கூட்டரசின் கொள்கையாகப் பிரதமர் பியேர் துரூடோ 1971 அக்டோபரில் அறிவித்தார். 1988-இல் அது சட்டமானது. இந்த இடைவெளியில்தான் 1983 யூலை வன்முறைக்குப் பின் ஈழத்தமிழர் பெருமளவில் கனடாவுக்கு வரத் தொடங்கினர். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்திருந்தன. எனவே, பதிப்பும் ஆவணப்படுத்தலும் இச்சமூகத்துக்கு இழந்ததை மீட்கும் பணியாகவும் இருந்தன.

ஆய்வு நூல்கள் குறைந்த படிகளே விற்கும். அச்சுச் செலவை விற்பனையால் மட்டும் ஈடுசெய்ய இயலாது. எனவே கனடாவில் ஆய்வுக்கும் ஆய்வு நூல் வெளியீட்டுக்கும் பொதுநிதி வழங்கப்படுகிறது. சமூக அறிவியல், இலக்கியம், வரலாறு போன்ற துறைகளுக்கு நல்கை அளிக்கும் கூட்டரசு மன்றம் 1977-இல் அமைக்கப்பட்டது.

நூல்களும் நிறுவனங்களும்

டொராண்டோ பல்கலைக்கழக ஆங்கிலப் பேராசிரியர் செல்வா கனகநாயகம் இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர் ஆவார். இலங்கைத் தமிழ் எழுத்துகளை ஆங்கிலத்தில் தரும் ‘லூட்சாங் அண்ட் லமென்ட்’ என்ற தொகுப்பை அவர் 2001-இல் வெளியிட்டார். அதைப் பதிப்பித்தது எழுத்தாளர் எம். ஜி. வாசன்ஜி தொடங்கிய டிசார் என்ற சிறு பதிப்பகம் ஆகும். அது இப்போது மவென்சி ஹவுஸ் என்ற பெயரில் இயங்குகிறது.

2006-இல் டொராண்டோவில் தமிழியல் மாநாடு தொடங்கியது. கனகநாயகம், வின்சர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கவிஞர் உருத்திரமூர்த்தி சேரன், தர்சன் அம்பலவாணர் ஆகியோர் பதிப்பித்த ‘நியூ டிமார்கேசன்ஸ்’ என்ற கட்டுரைத் தொகுதி 2008-இல் வெளியானது.

தமிழில் வெளிவந்தவற்றுக்குப் பல்கலைக்கழகத்தைவிடச் சமூகமே துணையாக இருந்தது. ‘காலம்’ சிற்றிதழ் 1990 முதல் டொராண்டோவில் இருந்து வருகிறது. 2001-இல் தொடங்கப்பட்ட தமிழ் இலக்கியத் தோட்டம், முதல் இயல் விருதைச் சுந்தர ராமசாமிக்கு அளித்தது. கனடாவில் வாழும் எழுத்தாளர் பலரின் நூல்கள் தமிழ்நாட்டிலேயே அச்சாகின்றன. சேரனின் ‘நீ இப்பொழுது இறங்கும் ஆறு’ நாகர்கோவிலில் இயங்கும் காலச்சுவடு பதிப்பகத்தின் வெளியீடு ஆகும்.

டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகத்தில் தமிழ் இருக்கை அமைக்க 30 இலட்சம் கனடிய டாலர் திரட்டும் முயற்சி 2018-இல் தொடங்கி 2021-இல் நிறைவடைந்தது.

அரசியல் தொடர்பு

சனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்கும் தீர்மானத்தைக் கனடா நாடாளுமன்றம் 2016-இல் நிறைவேற்றியது. 2021-இல் ஒன்ராறியோ மாகாணம் தமிழ் இனப்படுகொலைக் கல்வி வாரச் சட்டத்தை இயற்றியது. அதை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டபோது, மாகாண உயர் நீதிமன்றம் 2022-இல் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மே 18-ஐ நினைவு நாளாக ஏற்கும் தீர்மானமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

இவை வாக்கெடுப்பால் முடிவாகும் செயல்கள். ஆய்வுப் பதிப்பின் பணி வேறு. அது சான்றுகளைத் தொகுத்துத் துறை வல்லுநர்களின் மதிப்பீட்டுக்கு உட்படுத்துகிறது. மறுப்புக்கும் இடம் தருகிறது. தன் சமூகத்தையே விமர்சிக்கும் நூலுக்கும் அங்கே இடமுண்டு. சமூக நிதியில் இயங்கும் தமிழியலுக்கு இந்தத் தன்னுரிமை முதன்மையானது. நிதி தருபவர் விரும்பும் முடிவை மட்டும் வெளியிடும் நூல், நீதிமன்றத்திலோ வகுப்பறையிலோ சான்றாக நிற்காது.

அணுக்கச் சிக்கல்

கனடாவில் எழுதப்படும் தமிழியல் நூல்கள் பல அமெரிக்க, பிரித்தானியப் பதிப்பகங்கள் வழியே வெளிவருகின்றன. கனடாத் தமிழரின் போராட்டங்களை ஆராயும் அமர்நாத் அமரசிங்கத்தின் நூலை 2015-இல் சார்சியா பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் பற்றி டொராண்டோ பேராசிரியர் பிரான்சிஸ் கோடி எழுதிய நூல் 2013-இல் கார்னெல் பல்கலைக்கழகப் பதிப்பகம் வழியே வந்தது. இவை ஆங்கில நூல்கள். விலையும் டாலர் கணக்கில் உள்ளது. கீழ்பென்னாத்தூர் போன்ற ஊரில் இருந்து கல்லூரிக்குச் செல்லும் மாணவருக்கு, தமிழ்நாட்டின் வேறொரு மாவட்டத்தைப் பற்றிய நூல்கூட எட்டாமல் போகிறது.

கூட்டரசு நல்கை பெற்ற ஆய்வுக் கட்டுரைகள் 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்ற கொள்கை 2015-இல் நடைமுறைக்கு வந்தது. அது இதழ்க் கட்டுரைகளுக்கே பொருந்தும், நூல்களுக்கு அன்று. இக்குறையை ஓரளவு ஈடுசெய்பவை எண்ணிம நூலகங்கள் ஆகும். 2005 முதல் இயங்கும் நூலகம் திட்டம் ஈழத்து நூல்கள், இதழ்கள் ஆகியவற்றை இலவசமாகத் தருகிறது. ஸ்கார்பரோ வளாக நூலகமும் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வருகிறது.