வெள்ளகெவியில் செருப்பைக் கழற்றியபோது

பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை அருவிக்குப் போகிறவர்கள் குளிப்பார்கள், கட்டுச்சோறு சாப்பிடுவார்கள், பின்னால் நிற்கும் மலையை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அந்த மலையில் ஏறிக்கொண்டே போனால் ஓர் ஊர் வரும். பெயர் வெள்ளகெவி. கொடைக்கானல் என்றொரு நகரம் உருவாவதற்கு முன்பே இருந்த ஊர் அது. வருவாய்த் துறைக் கணக்கில் அது திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் வட்டம். ஆனால் அந்த ஊர்க் காபியும் மிளகும் எலுமிச்சையும் குதிரை முதுகில் ஏறி இறங்கி வருவது பெரியகுளம் பக்கம்தான். அதனால் தேனி மாவட்டப் பதிப்பில் அதைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன்.

கல்லூரி மாணவர்கள் ஐந்து பேருடன் போயிருந்தேன். ஏறும் தெம்பு எனக்கு இல்லை என்பதால் கொடைக்கானல் போய், வட்டக்கானலிலிருந்து கீழ்நோக்கி நடந்தோம். சோலைக்காட்டு நிழலில் வேர்களே படிக்கட்டு. ஒரு திருப்பத்தில் பனி விலகினால் பெரியகுளம் பக்கத்துத் தோப்புகளும் கண்மாய்களும் காலடியில் கிடக்கின்றன. ஊர் நெருங்கும்போது முதலில் வருவது காபிப் பூ வாசம். பிறகு கோயில்கள், இன்னும் கோயில்கள். வீடுகளைவிடக் கோயில்கள்தான் அதிகம் என்று கேலியாகச் சொல்வார்கள். நேரில் பார்த்தால் கேலி பாதி உண்மை. ஒட்டி ஒட்டி நிற்கும் சின்ன வீடுகள், குறுகிய சந்துகள், வாசலில் காயும் மிளகு. பேருந்துச் சத்தம் இல்லாத ஊர் எவ்வளவு அமைதியாக இருக்கும் என்பது அங்கே நின்றால்தான் தெரியும்.

ஊர் எல்லையில் ஒரு பாட்டி எங்களை நிறுத்தினார். “செருப்பக் கழட்டிருங்கப்பா. சாமி இருக்குற மண்ணு” என்றார். அதட்டல் இல்லை, அன்பாகத்தான் சொன்னார். வெள்ளகெவியில் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஊர்க்காரர், விருந்தாளி, அதிகாரி, வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணி என்ற பேதம் கிடையாது. ஊர் முழுக்கக் கோயில் என்பது அவர்கள் நம்பிக்கை. யூடியூபில் அந்த ஊரைப் பற்றி எந்தக் காணொளியைத் திறந்தாலும் இந்தச் செருப்புச் செய்திதான் முதலில் வரும். பார்க்கிறவர்களுக்கு அது ஓர் அதிசயம்.

எங்களோடு வந்த மாணவன் ஒருவன் மட்டும் குனியாமல் நின்றான். “அண்ணே, எங்க தாத்தா சாகுற வரைக்கும் ஊர்த்தெருவுல செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுத்தான் போனாரு. எனக்கு ஒரு மாதிரி இருக்கு” என்றான் என் காதோரம்.

எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. இங்கே எல்லோரும் கழற்றுகிறார்கள், அங்கே நம்மை மட்டும் கழற்றச் சொன்னார்கள் என்று அவனுக்கு விளக்கினேன். அறிவு அதை ஒப்புக்கொண்டது. கால் ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தது. கம்பம் பள்ளத்தாக்கிலும் மதுரைச் சீமையிலும் காலனியில் பிறந்த எவருக்கும் இது புரியும். மற்றவர்களுக்காக ஒரு செய்தி. இதே மலைத்தொடரின் வடக்குச் சரிவுக்கு எதிரே, திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டம் ராஜாவூரில், ஊர்த்தெரு ஒன்றில் தலித் மக்கள் அறுபது பேர் காலில் செருப்போடு நடந்தார்கள். அதுவரை அவர்கள் அப்படி நடந்ததில்லை. ஆண்டு 1923 அல்ல, 2023, டிசம்பர் மாதம். பொது இடத்தில் செருப்பு அணிவதையோ புத்தாடை உடுத்துவதையோ சைக்கிள், மோட்டார் சைக்கிளில் போவதையோ தடுப்பது வன்கொடுமை தடுப்புச் சட்டப்படி குற்றம். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இதைச் செருப்பு என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். ஒரு நாடாளுமன்றம் உட்கார்ந்து செருப்பைச் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் அவனும் கழற்றினான். பாட்டி அவனுக்குத்தான் முதலில் காபி கொடுத்தார்.

இனி வரலாறு. 1821இல் பி. எஸ். வார்டு என்ற ஆங்கிலேய நில அளவை அதிகாரி இந்த மலைக்கு வந்தார். குன்னுவர்களின் தலைமை ஊராக இருந்த வெள்ளகெவியிலிருந்து அவர் மேலே ஏறித்தான் இன்றைய கொடைக்கானல் மேட்டைக் கண்டார். நல்ல தட்பவெப்பம், ஒழுங்காக அமைந்த ஊர்கள், ஏறத்தாழ 4,000 மக்கள் என்று எழுதிவைத்தார். வெள்ளைக்காரர்கள் கொடைக்கானலைக் ‘கண்டுபிடித்தார்கள்’ என்று பாடப்புத்தகத் தோரணையில் சொல்கிறவர்கள் இந்த 4,000 பேரை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

1845இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி மேலே இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். அங்கிருந்து தொடங்கியது கொடைக்கானல் நகரம். ஆனால் சாலை கிடையாது. 1875இல் ரயில் வந்த பிறகும், அம்மையநாயக்கனூரில் இறங்கி மாட்டு வண்டியில் பெரியகுளம் வழியாக அடிவாரத்துக்கு வந்து, அங்கிருந்து செங்குத்தான மலைப்பாதையில் ஏற வேண்டும். நடக்க முடிந்தவர்கள் நடந்தார்கள். துரைமாரும் துரைசானிகளும் குழந்தைகளும் நாற்காலியிலும் டோலியிலும் போனார்கள். பியானோவிலிருந்து பீங்கான் தட்டு வரை மனிதத் தோளில்தான் ஏறியிருக்கும். அந்தப் பாதைக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் ‘கூலி காட்’. கூலிகளின் மலைவழி என்று பொருள். 1914ஐ ஒட்டி வத்தலக்குண்டு பக்கத்துச் சாலை வேலை முடிந்து மோட்டார் வண்டி ஏறும் வரைக்கும் இந்தப் பாதையே கொடைக்கானலின் உயிர்நாடி.

என் பூட்டன் அந்தப் பாதையில் டோலி தூக்கியவர் என்று அப்பத்தா சொல்வார். அவர் வலது தோளில் காய்த்துப்போன இடம் சாகும்வரை கருத்தே இருந்ததாம். சாலை போட்ட மேஜர் லாவின் பெயரில் அந்தச் சாலையே இருக்கிறது. ஏரி கட்டிய மதுரை கலெக்டர் லெவிஞ்சின் பெயரையும் கொடைக்கானலில் எல்லோரும் சொல்வார்கள். தோள் கொடுத்தவர்களில் ஒருவர் பெயரைக்கூட எந்தக் கல்வெட்டிலும் நான் பார்த்ததில்லை.

கதை இதோடு முடிந்தால் இது வெள்ளைக்காரன் செய்த வேலை என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதற்கும் முந்தைய அடுக்கு ஒன்று இருக்கிறது. 1906இல் டபிள்யூ. பிரான்சிஸ் எழுதிய மதுரை மாவட்ட கெசட்டியர், குன்னுவ வேளாளர்கள் சொல்லும் பூர்விகக் கதையைப் பதிவு செய்கிறது. நான்கைந்து நூற்றாண்டுகளுக்கு முன், போராலோ பஞ்சத்தாலோ தாராபுரம், காங்கேயம் நாட்டை விட்டு அவர்கள் மலையேறினார்கள். விருப்பாட்சி, ஆயக்குடி பாளையக்காரர்கள் அவர்கள் குடியேற உதவினார்கள். வெள்ளகெவி போன்ற ஊர்களின் பழமை இந்தக் குடியேற்றக் காலத்தோடு சேர்ந்தது. அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது அடுத்து வரும் செய்தியில் நான் நின்றுவிட்டேன். அதுவரை அந்த மலை நிலத்தைப் பயிர் செய்துவந்தவர்கள் புலையர்கள். வந்தவர்கள் அவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றிக் காலப்போக்கில் பண்ணையடிமை ஆக்கினார்கள். 1906 வரைக்கும் அவர்கள் அந்த நிலையிலிருந்து முழுதாக மீளவில்லை. போகிற போக்கில் புலையர்களைச் சோம்பேறிகள் என்றும் அந்த அதிகாரி ஒரு சொல் போட்டிருக்கிறார். நிலம் பறிபோனவருக்கு உலகம் முழுக்கக் கொடுக்கப்படும் பட்டம் அது.

தமிழ் படிக்கும் மாணவர்களுக்குப் புலையர் புதியவர் அல்ல. புறநானூற்றின் 287ஆம் பாடல் துடி முழக்கும் புலையரை விளித்தே தொடங்குகிறது. போர்க்களத்தில் அந்தத் துடிக்கு இருந்த இடத்தைப் பாடமாக நடத்துகிறோம். அதே பெயரைச் சுமக்கும் மக்கள் பழனி மலையிலும் ஆனைமலையிலும் மலைப்புலையராக இன்றும் வாழ்கிறார்கள் என்பதை வகுப்பில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இதை எழுதுவதால் இன்றைய வெள்ளகெவி மக்கள் மேல் பழி போடுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே சாதிக் கணக்கு எடுக்க நான் போகவில்லை. அவர்களுக்கே ஆயிரம் கஷ்டம். தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரம் குதிரையில் ஏறுவதைப் படம் பிடித்துப் போடுகிறோம். பிரசவ வலி கண்ட பெண்ணைத் தோளில் சுமந்து பாதை கடப்பது அந்த ஊருக்குப் பழைய கதை அல்ல. துரைசானிக்குப் போட்ட டோலி அதே பாதையில் நோயாளிக்கு மிச்சமாகியிருக்கிறது. அவர்கள் கேட்கும் சாலை நியாயமானது.

நான் கேட்பது வேறு. ஊரின் அழகைச் சொல்லும்போது அந்த மண்ணை முதலில் கொத்தியவர் பெயரையும் சொல்ல வேண்டும். இது மரியாதை சம்பந்தப்பட்டது மட்டுமல்ல, பட்டா சம்பந்தப்பட்டதும்கூட.

விஷயம் இதுதான். பழங்குடியினர் பட்டியலில் இருந்த மலைப்புலையர்கள் 1976ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பட்டியல் சாதியினர் ஆனார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே ஆண்டுதான். ஒரு கையால் கட்டை அவிழ்த்துவிட்டு மறு கையால் அடையாளத்தை வாங்கிக்கொண்டது போல ஆயிற்று. பட்டியல் சாதி என்பதில் குறைவொன்றும் இல்லை. நானும் அதில் ஒருவன்தான். ஆனால் காட்டுக்குள் வாழ்கிறவருக்கு இந்த மாற்றம் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் வந்து இடிக்கிறது. பக்கத்துச் சரிவில் வாழும் பளியர் பழங்குடியினர். அவர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அந்த வன நிலத்தில் இருக்கிறார் என்று காட்டினால் போதும். மலைப்புலையரோ ‘இதர பாரம்பரிய வனவாசி’. அதே தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், தன் குடும்பம் அங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். பண்ணையடிமையாக இருந்தவரின் பாட்டனுக்கு 1930இல் எந்த அலுவலகம் ரசீது கொடுத்திருக்கும்?

இங்கேதான் அந்த கெசட்டியர் உதவிக்கு வருகிறது. வன உரிமைச் சட்ட விதிகளின் 13ஆம் விதி, எவையெல்லாம் சான்றாகும் என்று சொல்கிறது. அதில் அரசு கெசட்டியர்களும் மக்கள்தொகைக் கணக்கும் பழைய அளவைக் குறிப்புகளும் வரைபடங்களும் இருக்கின்றன. மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர் சொல்லி எழுதிய வாக்குமூலம் இருக்கிறது. பழைய வீடு, கிணறு, சுடுகாடு, சாமி கும்பிடும் இடம்கூடச் சான்றுதான். கெசட்டியர் ஒரு குடும்பத்தைப் பெயர் சொல்லாது. ஆனால் அந்த மலையில் அந்த மக்கள் எவ்வளவு காலமாக இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு அரசாங்கமே அச்சடித்த பதில் அது. பெரியவர் வாக்குமூலத்தோடு சேர்த்து வைத்தால் மனுவுக்குக் கனம் கூடும். சோம்பேறிகள் என்று எழுதிய அதே அதிகாரிதான், நிலத்தைப் பயிர் செய்துவந்தவர்கள் இவர்களே என்றும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

இறங்கும்போது கும்பக்கரைப் பாதையைப் பிடித்தோம். பழைய கூலி காட்டின் சாயல் இன்னும் அதில் இருக்கிறது. ஊர் எல்லை தாண்டியதும் எல்லோரும் செருப்பைப் போட்டுக்கொண்டோம். கல்லும் சருகுமான பாதையில் முழங்கால் கெஞ்ச மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். இரண்டாவது இடத்தில் அந்த மாணவன் வந்து, கெசட்டியரின் அந்தப் பக்கத்தை என் போனிலிருந்து தனக்கு அனுப்பச் சொன்னான். அவன் அம்மாச்சி ஊர் தாண்டிக்குடிக்கு அந்தப் பக்கம். அங்கே காட்டையொட்டி நான்கு குடும்பங்கள் மனுப் போட்டுக் காத்திருக்கிறார்களாம். அனுப்பினேன். 13ஆம் விதியையும் சேர்த்து அனுப்பச் சொன்னான். சிக்னல் கிடைக்கக் கும்பக்கரை வரை இறங்க வேண்டியிருந்தது.