வல்லாள மகாராஜாவின் எல்லைப் போர்

மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுப்பது கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளையில்லாத பக்தருக்கு இறைவனே பிள்ளையானார் என்கிறது தலபுராணம். வரலாறு காட்டும் போசள மன்னர் மூன்றாம் வீர வல்லாளருக்கோ மகன் உண்டு. விருபாக்ஷன் என்ற அந்த மகன்தான் அவருக்குப் பின் பட்டமேறினான். பக்தியைக் குறைசொல்ல இதைக் கூறவில்லை. அந்தப் பக்தருக்குப் பின்னால் மறைந்துபோன படைத்தலைவரையும் நாம் அறிய வேண்டும். பெரும் படைகளுக்கு நடுவே 30 ஆண்டுகளுக்கு மேல் தம் அரசைக் கரையவிடாமல் காத்தவர் அவர்.

1311இல் டில்லிச் சுல்தானின் படைத்தலைவர் மாலிக் காபூரிடம் பணிந்தவர்தானே, டில்லிப் படைக்குப் பாண்டிய நாட்டு வழியையும் காட்டியவர்தானே என்று கேட்கலாம். இரண்டும் உண்மை, பாண்டிய நாட்டுக்கு அது பெருந்தீங்கு என்பதிலும் ஐயமில்லை. ஆனால் காபூர் திரும்பியபின் போசள அரசு நிலைத்து நின்றது. அன்று கோட்டைக்குள்ளேயே போரிட்டு மடிந்திருந்தால், அதற்குப் பிந்தைய எதிர்ப்பு என்ற ஒன்றே இருந்திராது. 1327இல் டில்லியின் துக்ளக் படை போசளத் தலைநகர் துவாரசமுத்திரத்தை அழித்ததும் அவர் திருவண்ணாமலையைத் தலைநகராக்கிக்கொண்டார். தலத்தின் பெருமை மட்டுமே அதற்குக் காரணமாக இருக்க முடியாது. மேற்கே செங்கம் கணவாய் வழியாகக் கன்னட மேட்டுநிலத்துக்கு ஏறலாம். கிழக்கே செஞ்சிக்குப் பாதை. தெற்கே சோழநாட்டுச் சமவெளி. 1335இல் மதுரையில் தனிச் சுல்தானகம் எழுந்தபோது, அதை எதிர்க்க ஏற்ற இடத்தில் அவர் ஏற்கெனவே அமர்ந்திருந்தார்.

வல்லாளரின் இறுதிப் போரைப் பற்றி நமக்குச் சொல்பவர் மொராக்கோப் பயணி இபன் பதூதா. மதுரைச் சுல்தான் கியாசுத்தீனுக்கு அவர் சகலை முறை; ஆகவே இது எதிர்த்தரப்புச் சாட்சியம். திருச்சிக்கு அருகே கண்ணனூர்க் கொப்பத்தை வல்லாளர் முற்றுகையிட்டு, உள்ளே இருந்தவர்கள் மதுரையிடம் உத்தரவு கேட்க அவகாசம் கொடுத்தார். அந்த இடைவெளியில் சுல்தானின் சிறு படை, பகல் ஓய்விலிருந்த பாசறையைத் திடீரென்று தாக்கியது. 80 வயது மன்னர் பிடிபட்டார். செல்வத்தையெல்லாம் பறித்துக்கொண்டு அவரைக் கொன்றார்கள். வைக்கோல் அடைத்த அவர் உடல்தோலை மதுரை மதிலில் தொங்கவிட்டார்கள். அதை நேரில் கண்டதாக இபன் பதூதா எழுதுகிறார். ஆண்டு 1342.

அவகாசம் கொடுத்தது பிழைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முடிவை வைத்து மட்டும் எல்லைக் காவலரை எடைபோடுவது நியாயமன்று. 1566இல் துருக்கியப் படையைச் சிகெத்வார் கோட்டையில் எதிர்த்து மடிந்த குரோஷியப் பிரபு நிக்கோலா சிரின்ஸ்கியும் தோற்றவர்தான். அவரைக் குரோஷியரும் ஹங்கேரியரும் தத்தம் வீரராகக் கொண்டாடுகிறார்கள். வல்லாளரின் போரை மதப்போராக மட்டும் சுருக்குவதும் தவறு. அவர் படையில் 20,000 முஸ்லிம்கள் இருந்ததாக அதே இபன் பதூதா குறிக்கிறார். அது நிலத்துக்கும் ஆட்சிக்குமான போர்.

அவர் மகனின் ஆட்சி சில ஆண்டுகளே நீடித்தது. போசள நாடு விஜயநகரத்தோடு சேர்ந்தது. 1371 வாக்கில் விஜயநகர இளவரசர் குமார கம்பணர் மதுரையை வென்றார். வல்லாளர் தொடங்கி முடிக்க இயலாத போரைத்தான் அவர் முடித்துவைத்தார்.