வளர்ந்த பின் ஸ்பானிய மொழி

மெக்சிகோ நாட்டு வாடிக்கையாளருடன் பேச வேண்டிய அலுவலர், பெரு நாட்டு மலைகளைக் காண விழையும் பயணி எனப் பெரியவர் பலர் இன்று ஸ்பானிய மொழி பயில்கின்றனர். ஸ்பெயின் உட்பட 20 நாடுகளில் அஃது ஆட்சிமொழி. புதுதில்லியிலுள்ள செர்வாந்தேஸ் நிறுவனம் அதற்கு வகுப்புகள் நடத்துகிறது.

குழந்தை கேட்டுக் கேட்டே மொழியைப் பெறுகிறது. வளர்ந்தவரோ தாம் முன்பே அறிந்த மொழியின் துணையையும் நாடுவார். அங்கே ஆங்கிலத்தைவிடத் தமிழ் கைகொடுக்கும் இடங்கள் உண்டு. 'ஆப்லோ' என்றால் 'பேசுகிறேன்'. 'ஆப்லாமோஸ்' என்றால் 'பேசுகிறோம்'. நம் வினைமுற்றைப் போலவே, பேசுபவர் ஒருவரா பலரா என்பதை விகுதியே காட்டிவிடுகிறது, எழுவாய் வேண்டுவதில்லை. 'மே குஸ்தா' என்பது 'எனக்குப் பிடிக்கும்' என்பதன் அச்சு. 'நீ', 'நீங்கள்' போன்று 'தூ', 'உஸ்தேத்' என்னும் மரியாதை வேறுபாடும் உண்டு.

'பெரோ' என்றால் 'ஆனால்'. 'பெறோ' என வல்லொலியாக உருட்டினால் 'நாய்'! 'மரம்', 'மறம்' இரண்டையும் ஒன்றுபோல் ஒலிப்பவர் இங்கே இடர்ப்படுவர். (ழகரத்துக்கு அங்கு வேலையில்லை.)

பொருள்களுக்கும் பால் உண்டு என்பதில் தமிழ் துணைவராது. 'லிப்ரோ', அதாவது நூல், ஆண்பால்; 'மேசா' பெண்பால். இந்தி அறிந்தோர்க்கு இம்முறை புதிதன்று. 'மேசா' என்ற சொல்லும் நமக்குப் புதிதன்று. போர்ச்சுக்கீசியமும் ஸ்பானியமும் இலத்தீன் வழிவந்த உடன்பிறப்புகள். நம் 'மேசை' போர்ச்சுக்கீசியர் தந்தது.