அந்தப் பேரலைக்குள் எத்தனை பேர் தெரியுமா?

டி-ஷர்ட்டில், செல்போன் உறையில், காபிக் கடைச் சுவரில் என்று எங்கும் சீறி நிற்கிறதே ஒரு நீல அலை, அது மீன் படகுப் படம் என்பது தெரியுமா? உற்றுப் பாருங்கள்! அலைக்கு நடுவே மூன்று படகுகள், சுமார் 30 ஆட்கள்! எடோ நகரத்துக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, வாடாத மீனை விரைந்து கொண்டுசேர்க்கும் படகுகள் அவை. அத்தனை பேரும் துடுப்பின்மேல் கவிழ்ந்து கிடக்கிறார்கள். அது ஏன் என்று கடப்பாக்கம் கடற்கரையில் படகு தள்ளும் அண்ணன்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை!

வரைந்தவர் ஹொகுசாய். ஆண்டு சுமார் 1831. அப்போது அவருக்கு வயது? எழுபது தாண்டியாச்சு! ஆயுளில் 90 தடவைக்கு மேல் வீடு மாறியவராம், வைத்துக்கொண்ட பெயர்களே சுமார் 30!

அன்றைக்கு இந்தப் படத்தின் விலை என்ன தெரியுமா? ஒன்றிரண்டு கிண்ணம் நூடுல்ஸ் காசு! 2023-இல் நியூயார்க் ஏலத்தில் ஒரு பிரதி போன விலை 27 லட்சம் டாலருக்கும் மேல்! 2024 முதல் ஜப்பானின் 1,000 யென் நோட்டிலும் இதே அலைதான்.

அசல் ஓவியம் எங்கே என்கிறீர்களா? கிடையவே கிடையாது! ஓவியர் வரைந்த மெல்லிய தாளைச் செர்ரி மரப் பலகையில் குப்புற ஒட்டி, தாளோடு சேர்த்தே செதுக்கிவிடுவார்கள். பிறகு நிறத்துக்கு நிறம் தனிச் செதுக்கல். அச்சு இயந்திரமா? மூச்! பலகைமேல் தாளை விரித்து, மூங்கில் மடல் சுற்றிய வட்டத் திண்டால் கையாலேயே தேய்த்து எடுத்தார்கள். துளி பிசகாமல் நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார, பலகை ஓரத்தில் இரண்டே இரண்டு சின்ன வெட்டுகள்தான் அடையாளம்!

கடல் பக்கம் திரும்பிய ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் மட்டுமல்ல. உதமாரோ மூச்சடக்கி மூழ்கும் பெண்களை வரைந்தார். ஹிரோஷிகே மீன்களுக்கென்றே ஒரு வரிசை வரைந்தார். பிடித்த மீனின்மீதே மை பூசித் தாளில் ஒற்றியெடுக்கும் வழக்கமும் அங்கே உண்டு. "இத்தாம்பெரிய மீன்" என்று கையை விரிக்கும் ஆசாமிகள் இனி கவனம்!

இனி நம் கரைக்கு வாங்க. ஹொகுசாய் அலைக்கு முன்பே தரங்கம்பாடி மீன்கள் அச்சேறிவிட்டன, தெரியுமா? அங்கிருந்த மதபோதகர் ஜான், மீன்களைப் பதப்படுத்தி பெர்லின் மருத்துவர் ப்ளாக்குக்குக் கப்பலில் அனுப்பினார். ப்ளாக் வெளியிட்டது 432 படங்கள்! மரக்கட்டையில் அல்ல, செப்புத் தகட்டில் செதுக்கி, ஒவ்வொன்றுக்கும் கையால் நிறம் தீட்டியவை. நம்ம கத்தாளை மீன் இனத்துக்கு "ஜானியஸ்" என்று ஜானின் பெயரையே வைத்துவிட்டார்!

இன்னொன்று கேளுங்கள். ஹொகுசாய் அலையின் ஆழ்ந்த நீலம் எங்கே பிறந்தது? அதே பெர்லினில்! 1700-களின் தொடக்கத்தில் சிவப்புச் சாயம் காய்ச்சப் போனவருக்குத் தற்செயலாகக் கிடைத்த நிறம்!

கடைசியாக ஒரு கூத்து. 1791-இல் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, குளத்தோரப் பனைமரத்தில் தண்ணீருக்கு ஐந்தடி மேலே ஒரு மீனைப் பிடித்தாராம். அதுதான் பனையேறிக் கெண்டை! மறு ஆண்டே ப்ளாக் அதே இனத்தைப் படத்தோடு அறிமுகப்படுத்தினார். அதற்கு அவர் போட்ட சொந்த ஊர் என்ன தெரியுமா?

ஜப்பான்!