அடிமரம் இல்லாத ஆலமரம்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் காளிகாட், தட்சிணேசுவரம், விக்டோரியா மெமோரியல் என்று காட்டி ரயிலேற்றிவிடுகிறோம். கல்கத்தாவிலேயே (எனக்கு இன்னும் கல்கத்தாதான்!) முப்பது வருஷம் இருந்தும் சிப்பூர் தாவரவியல் தோட்டத்தைப் பார்க்காத தமிழ்க் குடும்பங்கள் உண்டு. சென்ற குளிர்காலத்தில் சம்பந்தி வீட்டார் வந்தபோது, இம்முறை தோட்டம்தான் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு ஏழு பேராகக் கிளம்பினோம்.

1787இல் கர்னல் ராபர்ட் கிட் என்பவர் ஹூக்ளிக் கரையில் தொடங்கிய தோட்டம் இது. 2009 முதல் ஜகதீஷ் சந்திர போஸின் பெயரைத் தாங்குகிறது. பரப்பு 270 ஏக்கருக்குமேல். முழங்கால் வலிக்காரர்கள் எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாமல் நேரே பெரிய ஆலமரத்துக்குப் போய்விடுவது நல்லது.

தூரத்திலிருந்து பார்த்தால் சிறு காடு. கிட்டப் போனால் ஒரே மரம். வயது 250க்கு மேல். வேலியைச் சுற்றி வந்த சம்பந்தி, "ஏன் சம்பந்தி, இதில் அடிமரம் எது?" என்று கேட்டார்.

அடிமரம் இல்லை என்பதுதான் விசேஷம். 1864, 1867 புயல்களில் பெருங்கிளைகள் முறிந்து, காயத்தின் வழியே பூஞ்சைநோய் புகுந்தது. சுமார் 50 அடி சுற்றளவுள்ள அடிமரத்தை 1925இல் வெட்டி அகற்றினார்கள். மரம் சாகவில்லை.

ரயில்வேயில் பாலங்களோடு காலம் தள்ளியவன் என்பதால் எனக்கு விளங்கிய விதத்தில் சொல்கிறேன். பக்கவாட்டில் நீளும் கிளை, ஒரு முனையில் மட்டும் பிடிப்புள்ள உத்தரம் மாதிரி. நீள நீள அடியில் பளு கூடும். ஒரு கட்டத்தில் ஒடியும். ஆலமரம் கிளையிலிருந்து விழுதை இறக்குகிறது. ஆரம்பத்தில் அது வெறும் கயிறு, எதையும் தாங்காது. நுனி மண்ணைத் தொட்டு வேர் பிடித்ததும் விறைத்து, வருஷக்கணக்கில் பருத்துத் தூணாகிறது. பாலத்துக்கு நடுவில் புதிய தூண் எழுப்பிய மாதிரி; அதன்பின் கிளை மேலும் நீளலாம். ஆனால் நம் தூண் பளுவை மட்டுமே தாங்கும். விழுதோ நீரையும் உறிஞ்சி மேலே அனுப்புகிறது. அடிமரம் போனபோது கிளைகள் தாகத்தால் வாடாததற்கு அதுவே காரணம். இப்படி மண்ணில் ஊன்றியவை இன்று 3,000க்கு மேல்.

நான் விளக்கிக்கொண்டிருந்தபோதே, எட்டும் உயரத்தில் தொங்கிய இளம் விழுதை நோக்கிப் பேரன் தாவினான், ஊஞ்சலாட. தடுத்தேன். "ஊரில் நாம் ஆடாத விழுதா? குழந்தையை ஏன் அதட்டுகிறீர்கள்?" என்று பரிந்து வந்தாள் என் மனைவி. ஊர் ஆலமரத்துக்கு அடிமரம் இருந்தது அம்மா! இங்கே நுனி முறிந்தால், வரவேண்டிய ஒரு தூணுக்குத் தாமதம். ஒருவேளை வராமலே போகலாம். 2020 மே மாத அம்பன் புயலில் இத்தோட்டத்தில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. இந்த ஆலமரமும் சில விழுதுகளை இழந்தது. அடுத்த புயலுக்கு முன் எத்தனை தூண் ஊன்றுகிறது என்பதே கணக்கு.

சென்னை அடையாறு ஆலமரத்தின் அடிமரமும் 1989 புயலில் சாய்ந்தது. அதுவும் விழுதுகளின் பலத்தில்தான் நிற்கிறது என்றதும் சம்பந்தியம்மாள், அடுத்த விடுமுறையில் பேரனை அங்கே அழைத்துப் போவதாகச் சொன்னார்.

குழந்தைகளோடு போகிறவர்கள் இன்னொன்றையும் தேடிப் பாருங்கள். இரண்டு இலை ஒரே வடிவில் இராத ஒரு மரம் அங்கே உண்டு. வங்காளிகள் அதைப் 'பாகல் காச்', பைத்தியக்கார மரம், என்கிறார்கள். கீழே உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி ஒப்பிடச் சொன்னால் அரைமணி நேரம் பிள்ளைகள் சத்தம் இருக்காது.